பழைய அமெரிக்க பின்-அப் பிளாட்டர்கள்: சேகரிக்கத் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

1930-களிலிருந்து 1950-கள் வரை அமெரிக்காவில் வந்த பின்-அப் ஓவியங்களின் (சுவரில் குத்தி மாட்டுவதற்கென்று வரைந்த அழகுப் பெண்களின் படங்கள்) மேல் ஆசை வைத்து, அசல் ஓவியத்தின் விலையைப் பார்த்ததும் ஒதுங்கிக்கொண்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். கில் எல்வ்கிரென் வரைந்த ஒரு கான்வாஸ் 2011-இல் ஹெரிடேஜ் ஏல நிறுவனத்தில் 2,86,800 டாலருக்குப் போனது. சரி, அந்தப் பக்கம் நாம் போக வேண்டாம். அதே எல்வ்கிரென் ஓவியங்கள் அந்தக் காலத்திலேயே அச்சாகி, ஏதோ ஒரு சிற்றூர் கார் மெக்கானிக்கின் கடைப் பெயரோடு, பிளாட்டர் என்கிற மை ஒற்றும் தாளில் வாடிக்கையாளர்களுக்கு இலவசமாகப் போய்ச் சேர்ந்தன. அந்த விளம்பர பிளாட்டர்கள் இன்றும் கிடைக்கின்றன, பெரும்பாலானவை பத்து இருபது டாலருக்குள். பின்-அப் சேகரிப்பில் நுழைய இதைவிட நல்ல வாசல் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

தொடங்கும் முன்பே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். படத்தில் இருக்கும் பெண்ணை மட்டும் பார்த்து பிளாட்டர் வாங்காதீர்கள். அந்தப் படம் லட்சக்கணக்கில் அச்சான படமாக இருக்கலாம், இணையத்தில் தேடினால் நொடியில் வரும். அதன் பக்கத்தில் இருக்கும் கடைப் பெயர், போன் நம்பர், மாதக் காலண்டர், பின்பக்கத்து மைக்கறை, இதெல்லாம் சேர்ந்துதான் உங்கள் கையில் இருப்பதை இன்னொன்றிலிருந்து வேறுபடுத்துகிறது. கீழே வரும் எல்லாமே இதை மனதில் வைத்துச் சொல்வதுதான்.

1. பொருளைத் தெரிந்துகொள்ளுங்கள்

மைப்பேனாவில் எழுதிய வரி உடனே காயாது. கை பட்டால் இழுவிவிடும். அதனால் மேலே உறிஞ்சும் தாளை வைத்து ஒற்றி எடுப்பார்கள். எந்த அலுவலக மேசையிலும் இந்தத் தாள் இருந்தே ஆக வேண்டும் என்பதால் விளம்பரக்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். உறிஞ்சும் தாளின் ஒரு பக்கத்தில் வழவழப்பான பூச்சுத்தாளை ஒட்டி, அதில் படமும் காலண்டரும் கடைப் பெயரும் அச்சிட்டு, மாதாமாதம் பில் அனுப்பும் உறைக்குள் வைத்து அனுப்பினார்கள். பொங்கலுக்கு நம்மூர் ஜவுளிக்கடை சிவகாசிக் காலண்டர் கொடுக்கிற மாதிரிதான். ஆனால் இது வருடத்துக்கு ஒன்றாக இல்லாமல் மாதத்துக்கு ஒன்றாகவும் வரும், பன்னிரண்டு மாதத்துக்கும் பன்னிரண்டு படங்கள்.

உறைக்குள் போக வேண்டும் என்பதால் அளவும் உறையை ஒட்டியே இருந்தது. நீளமானது சுமார் 4 அங்குலத்துக்கு 9 அங்குலம், சிறியது சுமார் மூன்றரைக்கு ஆறேகால். பெரும்பாலும் ஒரு ஓரத்தில் படம், அதை ஒட்டிக் காலண்டர், மிச்ச இடத்தில் கடைக்காரரின் விளம்பரம். பின்பக்கம் வெள்ளை, இளஞ்சிவப்பு, நீலம், பச்சை என்று ஏதாவது ஒரு நிறத்தில், விரலால் தடவினால் கம்பளி மாதிரி மெத்தென்று இருக்கும்.

யார் கொடுத்தார்கள் என்று பார்த்தால் கார் பட்டறை, நிலக்கரி வியாபாரி, மரக்கடை, இயந்திர உதிரிபாகக் கடை, இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் என்று வரிசையாக ஆண்களின் உலகம். வாங்குபவரும் ஆண், கொடுப்பவரும் ஆண், அதனால்தான் படத்தில் பின்-அப் பெண். ஆண்களின் கண்ணுக்காகவே வரையப்பட்ட படங்கள் இவை, அதை மறைக்க ஒன்றுமில்லை. ஆனாலும் வாடிக்கையாளர் வந்துபோகும் இடத்தில் மேசைமேல் கிடக்க வேண்டிய பொருள் என்பதால் பெரும்பாலானவை நீச்சலுடை, காற்றில் தூக்கிய பாவாடை, வேலியில் மாட்டிக்கொண்ட துணி என்கிற அளவோடு நின்றுவிடும்.

இந்தப் பொருள் ஏன் திடீரென்று நின்றுபோனது என்பதும் தெரிந்திருக்க வேண்டும், ஆண்டு கணிக்கும்போது உதவும். 1941-இல் வந்த பார்க்கர் 51 பேனாவின் விளம்பரமே எழுதும்போதே மை காய்ந்துவிடும் என்பதுதான். அப்புறம் 1945 அக்டோபர் 29-ஆம் தேதி நியூயார்க்கின் கிம்பல்ஸ் கடையில் ரெய்னால்ட்ஸ் பால்பாயிண்ட் பேனா 12.50 டாலருக்கு விற்பனைக்கு வந்தது, கூட்டம் அலைமோதியது. பால்பாயிண்டுக்கு ஒற்றுத்தாள் வேண்டாம். பழக்கம் சட்டென்று மாறவில்லை, 1950-கள் முழுக்க பிளாட்டர்கள் வந்துகொண்டுதான் இருந்தன, ஆனால் அந்தப் பத்தாண்டின் கடைசிக்கு வரும்போது வரத்து மெலிந்துவிட்டது.

2. அச்சிட்ட நிறுவனங்கள், வரைந்த கைகள்

மெக்கானிக் தன் பிளாட்டரைத் தானே அச்சிடவில்லை. விளம்பரக் காலண்டர் நிறுவனங்களின் விற்பனையாளர்கள் மாதிரிப் புத்தகத்தோடு ஊர் ஊராகப் போவார்கள். கடைக்காரர் படத்தைத் தேர்ந்தெடுப்பார், காலியாக விட்ட இடத்தில் அவர் பெயர் தனியாக அச்சாகி வரும். இந்தத் தொழிலில் பெரிய பெயர் மினசோட்டா மாநிலம் செயின்ட் பால் நகரத்தின் பிரவுன் அண்டு பிக்லோ, 1896-இல் தொடங்கியது. அதே ஊரில் லூயிஸ் எஃப். டௌ நிறுவனம். ஒஹாயோவின் கோஷாக்டன் ஊரில் ஷா-பார்ட்டன், இல்லினாயின் ஜோலியட்டில் கெர்லாக்-பார்க்லோ. இந்த நாலு பெயரையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், முதல் வருடத்துக்குப் போதும்.

பிரவுன் அண்டு பிக்லோவின் கதை தனியாகவே படிக்க வேண்டிய ஒன்று. நிறுவனர் ஹெர்பர்ட் பிக்லோ வருமானவரி ஏய்ப்புக்காக லெவன்வொர்த் சிறைக்குப் போனார். அங்கே கைதியாக இருந்த சார்லஸ் வார்டு அவருக்கு நண்பரானார், விடுதலையானதும் பிக்லோ அவருக்குத் தன் நிறுவனத்தில் வேலை கொடுத்தார். 1933-இல் பிக்லோ இறந்தபின் நிறுவனத்தின் தலைவரானவர் அந்த வார்டுதான். நாம் இன்றைக்குத் தேடுகிற பின்-அப் படங்களில் மிகச் சிறந்தவை பலவும் அவர் காலத்தில் வந்தவை.

ஓவியர்களில் எல்வ்கிரெனைச் சொல்லாமல் தொடங்க முடியாது. 1914-இல் செயின்ட் பாலில் பிறந்தவர், 1937-இல் டௌ நிறுவனத்துக்கு வரையத் தொடங்கி, 1940-களின் நடுவில் பிரவுன் அண்டு பிக்லோவுக்கு மாறி 1970-களின் தொடக்கம் வரை அங்கேயே வரைந்தார். டௌவுக்கு வரைந்த கான்வாஸ்கள் 28-க்கு 22 அங்குலம், பிரவுன் அண்டு பிக்லோவுக்கு வரைந்தவை 30-க்கு 24. டௌ படங்களில் ஒரு சிக்கல் உண்டு. எல்வ்கிரென் போனபின் டௌ நிறுவனம் அவருடைய பழைய கான்வாஸ்கள் பலவற்றின் மேல் வான் பாஸ் என்ற ஓவியரைக் கொண்டு மறுபடி வரையவைத்து, புதுப் படம் மாதிரி அச்சிட்டது. ஆக, ஒரே நிற்கும் கோலம், வேறு உடை, வேறு பின்னணி என்று இரண்டு பிளாட்டர்கள் உங்கள் கண்ணில் பட்டால் ஒன்று போலி என்று முடிவுகட்டிவிடாதீர்கள். இரண்டுமே அசலாக இருக்கலாம். அந்த ஜோடியைத் தேடிச் சேர்ப்பதே ஒரு நல்ல சேகரிப்பு.

எனக்கு மிகவும் பிடித்தவர்கள் பெண் ஓவியர்கள். ஸோயி மோசர்ட் பேஸ்டல் என்கிற வண்ணக் கட்டியில் வரைந்தவர், கண்ணாடி முன்னால் தானே நின்று தன்னையே மாடலாக வைத்துப் பல படங்கள் செய்தவர். 1940-களில் பிரவுன் அண்டு பிக்லோவின் முன்னணி ஓவியர்களில் ஒருவர். கெர்லாக்-பார்க்லோவுக்கு வரைந்த பேர்ல் ஃப்ரஷ் கோடுகளில் அவ்வளவு சுத்தம், அவர் படங்கள் அச்சில் பார்க்கும்போதே ஒரு தெளிவு தெரியும். ஜாய்ஸ் பாலன்டைன் பிற்பாடு காப்பர்டோன் வெயில் க்ரீம் விளம்பரத்தின் சிறுமியை வரைந்து பெயர் பெற்றவர். அதற்கு முன்னால் பிரவுன் அண்டு பிக்லோவுக்கும் ஷா-பார்ட்டனுக்கும் பின்-அப் வரைந்தார். இவர்கள் வரைந்த பெண்கள் பார்ப்பவரைப் பார்க்கிற விதத்தில் ஒரு தன்னம்பிக்கை இருக்கும். இதைப் பத்துப் படங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நீங்களே உணர்வீர்கள்.

இவர்களைத் தவிர ரோல்ஃப் ஆர்ம்ஸ்ட்ராங், ஏர்ல் மோரன், ஏர்ல் மெக்ஃபர்சன் ஆகிய பெயர்கள் அடிக்கடி வரும். மெக்ஃபர்சனை அடையாளம் காண்பது சுலபம்: நடுவில் வண்ணத்தில் முழு உருவம், சுற்றிலும் பென்சில் கோட்டில் சின்னச் சின்ன வரைவுகள், ஓவியரின் வரைபுத்தகத்திலிருந்து ஒரு பக்கத்தைக் கிழித்த மாதிரி. அவருக்குப் பின் அதே பாணியில் வேறு ஓவியர்களும் வரைந்ததால் கையெழுத்தைப் பார்த்துவிட்டே பெயர் சொல்லுங்கள்.

மோரன் விஷயத்தில் கொஞ்சம் கவனம் வேண்டும். மரிலின் மன்றோ நடிகையாகப் பெயரெடுப்பதற்கு முன், 1940-களின் பிற்பாதியில், மோரனுக்கு மாடலாக நின்றிருக்கிறார். இது உண்மை என்பதால் விற்பவர்கள் மோரன் வரைந்த எந்தப் பொன்னிறக் கூந்தல்காரியையும் மரிலின் என்று போட்டு விலையை இரண்டு மடங்காக்கிவிடுவார்கள். மரிலின் இருபது வயதை எட்டியதே 1946-இல்தான். காலண்டரில் 1942 என்று இருந்தால் அது மரிலின் கிடையாது, அவ்வளவுதான்.

3. எதைச் சேர்ப்பது என்று முடிவு செய்யுங்கள்

கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கினால் ஒரு வருடத்தில் ஒரு பெட்டி நிறையத் தாள் இருக்கும், சேகரிப்பு இருக்காது. ஒரு கயிற்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரே ஓவியர், அல்லது ஒரே வருடத்தின் பன்னிரண்டு மாதங்கள், அல்லது ஒரே படம் வெவ்வேறு கடைப் பெயர்களோடு, அல்லது ஒரே ஊர், ஒரே தொழில். பணம் குறைவு, பொறுமை அதிகம் என்றால் பன்னிரண்டு மாத வரிசையைப் பரிந்துரைப்பேன். பதினொன்று வரை மளமளவென்று வந்துவிடும், பன்னிரண்டாவது தண்ணி காட்டும், அந்தத் தேடலில்தான் நீங்கள் உண்மையில் கற்றுக்கொள்வீர்கள்.

ஒரே படம், பல கடைகள் என்கிற வழியும் மிக நல்லது. ஒரே எல்வ்கிரென் பெண் ஒரு நிலக்கரிக் கடைக்கும் ஒரு இன்ஷூரன்ஸ் ஏஜென்ட்டுக்கும் ஒரு மரக்கடைக்கும் விளம்பரம் செய்வதைப் பக்கத்துப் பக்கத்தில் பார்க்கும்போது இந்தத் தொழில் எப்படி ஓடியது என்பது ஒரே பார்வையில் புரிந்துவிடும்.

4. ஆண்டைக் கண்டுபிடிக்கப் பழகுங்கள்

வருடம் அச்சாகியிருந்தால் பிரச்சினையே இல்லை. அச்சாகாமல், மாதமும் கிழமைகளும் மட்டும் இருக்கும் பிளாட்டர்கள் உண்டு, அவற்றை விற்பவர்கள் பொத்தாம்பொதுவாக 1940-கள் என்று போட்டுவிடுவார்கள். நீங்களே கணக்குப் போடலாம். கஷ்டமில்லை.

எடுத்துக்காட்டாக, ஆகஸ்ட் மாதம், 1-ஆம் தேதி திங்கட்கிழமை என்று காலண்டர் சொல்கிறது. ஆகஸ்ட் 1 திங்களில் வந்த வருடங்கள் இந்தக் காலகட்டத்தில் 1932, 1938, 1949, 1955, 1960 மட்டுமே. போனில் எந்தப் பழைய காலண்டர் செயலியைத் திறந்தாலும் இதைச் சரிபார்க்கலாம். இப்போது முகவரியைப் பாருங்கள். நகரத்தின் பெயருக்குப் பின்னால் ‘சிகாகோ 7’ என்பது போல ஒரு எண் இருந்தால், அது தபால் மண்டல எண், பெரிய நகரங்களில் 1943-இல்தான் நடைமுறைக்கு வந்தது. ஆக 1932-உம் 1938-உம் கழன்றன. 1960 என்பது பிளாட்டர்கள் அருகிப்போன காலம், அதைக் கடைசியாக யோசிக்கலாம். மிச்சம் 1949, 1955. இனி லென்ஸை எடுத்துப் படத்தின் கீழ் ஓரத்தையும் பக்க ஓரத்தையும் நிதானமாகப் பாருங்கள், பொடி எழுத்தில் காப்புரிமைக் குறியும் நிறுவனத்தின் பெயரும், அதிர்ஷ்டம் இருந்தால் வருடமும் இருக்கும். அந்த வருடம் 1952 என்றால் விடை 1955. வருடம் 1947 என்றால் 1949 ஆக இருக்க வாய்ப்பு அதிகம், ஆனால் உறுதியில்லை, ஏனென்றால் விற்ற படங்களைத் திரும்பத் திரும்ப அச்சிட்டார்கள். காப்புரிமை ஆண்டு, பிளாட்டர் அதற்கு முந்தையதாக இருக்க முடியாது என்று மட்டும்தான் சொல்லும். எவ்வளவு பிந்தையது என்று சொல்லாது.

ஐந்து இலக்க ஜிப் கோடு இருந்தால் 1963 ஜூலைக்குப் பிந்தையது. பின்-அப் பிளாட்டரில் ஜிப் கோடு பார்த்தால் உடனே சந்தேகப்படுங்கள், பிற்கால நினைவுப் பதிப்பாக இருக்கலாம். போன் நம்பர்கள் ஆசைகாட்டி ஏமாற்றும். ‘போன் 47’ என்று இரண்டே இலக்கம் இருந்தால் மிகப் பழையது என்று தோன்றும், ஆனால் சிற்றூர்களில் ஆபரேட்டர் வைத்து இணைக்கும் முறை 1950-களிலும் இருந்தது. எனவே போன் நம்பரை மட்டும் வைத்து ஆண்டு சொல்லாதீர்கள்.

ஓவியரின் வாழ்க்கை வரலாறும் ஒரு சாட்சி. எல்வ்கிரென் கையெழுத்தும் பிரவுன் அண்டு பிக்லோ பெயரும் சேர்ந்து இருந்தால் 1940-களின் நடுப்பகுதிக்கு முன்னால் போக வழியில்லை.

5. அசலா, பிற்கால அச்சா

நல்ல சேதி, விலை குறைவு என்பதால் பின்-அப் பிளாட்டரைப் போலியாக அச்சிடுவதில் பெரிய லாபம் இல்லை. கோகோ கோலா பிளாட்டர்களில்தான் மறு அச்சுகள் நிறையச் சுற்றுகின்றன. பின்-அப்பில் அதிகம் நடப்பது வேறு. காலண்டரின் மேல்பகுதியை வெட்டி, குறிப்பேட்டின் அட்டையைப் பிரித்து, பிளாட்டர் என்று விற்பது. இயந்திரத்தில் பென்னி (ஒரு சென்ட் காசு) போட்டால் வரும் மியூட்டோஸ்கோப் அட்டைகளையும் தெரியாமல் இந்தப் பெயரில் போடுவார்கள், அவை கெட்டி அட்டை, சுமார் மூன்றேகாலுக்கு ஐந்தேகால் அங்குலம், அவற்றுக்கென்று தனிச் சேகரிப்பாளர்கள் உண்டு.

பத்து மடங்கு பெரிதாக்கும் லூப் ஒன்று வாங்கிவிடுங்கள், அச்சகக்காரர்கள் வைத்திருப்பார்களே அதுதான். பெண்ணின் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். அன்றைய அச்சில் சிவப்பு, மஞ்சள், நீலப் புள்ளிகள் ஒழுங்கான வரிசையில், சின்னச் சின்னப் பூப்போல வட்டம் கட்டி நிற்கும். இன்க்ஜெட்டில் எடுத்த நகலில் அந்த ஒழுங்கு இருக்காது, தெளித்த மாதிரி சிதறியிருக்கும். அடுத்து லூப்பைக் கடைப் பெயரின் மேல் நகர்த்துங்கள். அது தனியாக, பெரும்பாலும் அச்செழுத்து கோத்து அடித்தது. எழுத்தின் ஓரத்தில் மை கொஞ்சம் பிதுங்கி நிற்கும், சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தால் தாளில் லேசான அழுத்தம் தெரியும். படமும் எழுத்தும் இரண்டும் ஒரே மாதிரிப் புள்ளிகளால் ஆகியிருந்தால், முழு பிளாட்டரையும் படம்பிடித்து மறுபடி அச்சிட்டிருக்கிறார்கள் என்று பொருள்.

கள்ளநோட்டு பார்க்கும் யூவி டார்ச் எலக்ட்ரிக் கடைகளிலும் இணையத்திலும் மலிவாகக் கிடைக்கிறது, அதுவும் இருக்கட்டும். தாளை வெண்மையாக்கும் ஒளிர் ரசாயனங்கள் 1950-ஐ ஒட்டித்தான் தாள் ஆலைகளில் பரவின. 1942 என்று போட்ட பிளாட்டர் இருட்டில் டார்ச் பட்டதும் பளீரென்று நீலவெள்ளையாக ஒளிர்ந்தால் வாங்காதீர்கள். 1955-இன் தாள் ஒளிர்ந்தால் அது குற்றமில்லை.

உறிஞ்சுகிறதா என்று பார்க்கத் தண்ணீர் தொட்டு வைத்துச் சோதிக்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். கறை நிரந்தரம். பக்கவாட்டில் விளிம்பைப் பார்த்தாலே போதும், மேலே மெல்லிய பூச்சுத்தாள், கீழே பஞ்சுபோன்ற கெட்டித் தாள் என்று இரண்டு அடுக்கும் தனித்தனியாகத் தெரியும்.

6. பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்

சந்தையில் பின்பக்கம் சுத்தமாக இருக்கும் பிளாட்டருக்குத்தான் விலை அதிகம். அச்சகத்திலோ கடையிலோ விநியோகிக்காமல் கட்டாகக் கிடந்து பிற்காலத்தில் வெளிவந்தவை அவை. நல்லவைதான். விற்பனையாளர்களின் மாதிரிகளும் வரும், கடைப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘உங்கள் விளம்பரம் இங்கே’ என்கிற மாதிரி வாசகமும், சிலவற்றில் எண்ணும் விலைப் பட்டியலும் இருக்கும். தொழிலின் உள்பக்கத்தைக் காட்டுவதால் மாதிரிகளை நான் விடமாட்டேன்.

ஆனால் மைக்கறை படிந்த பிளாட்டரை ஒதுக்கிவிடாதீர்கள். ஒற்றி எடுத்த மை கண்ணாடியில் தெரிவது மாதிரி இடவலம் மாறிப் பதிந்திருக்கும். போனில் படமெடுத்து இடவலமாகத் திருப்பிப் பாருங்கள். நீலமும் கறுப்புமாக ஒன்றன்மேல் ஒன்று படிந்த கோடுகளுக்கு நடுவே ஒரு கையெழுத்தின் வால், ஒரு தேதியின் பாதி, ஒரு தொகை, ‘அன்புள்ள’ என்பதுபோலக் கடிதத்தின் முதல் சொல் எழும்பி வரும். கறையின் அடர்த்தியும் சொல்லும், கையெழுத்து போட்ட இடம்தான் கடைசியாக எழுதி ஈரத்தோடு ஒற்றியது என்பதால் அங்கே மை கனமாக இருக்கும். அந்தப் படம் யாரோ ஒருவரின் மேசையில் ஒரு மாதம் முழுக்க வேலை செய்ததற்கு அதைவிட வேறென்ன அத்தாட்சி வேண்டும்? அப்படிப்பட்டவை பாதி விலைக்குக் கிடைக்கும், வாங்குங்கள்.

விலகி நிற்க வேண்டியவை வேறு. மேல்தாள் பின்தாளிலிருந்து உரிந்து வருவது, செலோடேப் ஒட்டிய பழுப்பு, ஆல்பத்தில் பசை போட்டு ஒட்டிப் பிய்த்த காயம், பேப்பர் கிளிப்பின் துரு, பூஞ்சை. பூஞ்சை வாசம் வந்தால் எவ்வளவு அரிய படமானாலும் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள், மற்றவற்றுக்கும் பரவும். கடைப் பெயரை வெட்டி எடுத்துவிட்டு படத்தை மட்டும் விட்டிருப்பதும் என் கணக்கில் சேதம்தான், படம் எவ்வளவு பளிச்சென்று இருந்தாலும்.

7. தேடுவது, விலை பேசுவது

இந்தியாவிலோ இலங்கையிலோ இருந்துகொண்டு வாங்குவதென்றால் நடைமுறையில் ஈபேதான். அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு வாரக் கடைசியில் நடக்கும் பழைய தாள் சந்தைகளும், வீட்டுப் பொருள் விற்பனைகளும், பழம்பொருள் கடைகளின் அஞ்சலட்டைப் பெட்டிகளும் உண்டு. பிளாட்டர்கள் அஞ்சலட்டைக் கூட்டத்தின் அடியில் கிடப்பது வழக்கம், நீளம் அதிகமென்பதால் மூலை மடங்கி.

ஈபேயில் பின்-அப் என்ற சொல்லைப் போட்டுத் தேடினால் அந்தச் சொல்லின் விலையையும் சேர்த்துக் கொடுப்பீர்கள். ஓவியர் யாரென்று தெரியாத விற்பனையாளர் கடைப் பெயரையும் ஊரையும் போட்டு, இங்க் பிளாட்டர் என்று மட்டும் எழுதியிருப்பார். எனவே பிளாட்டர் என்பதோடு கராஜ், கோல் (நிலக்கரி), லம்பர் (மரம்), இன்ஷூரன்ஸ் போன்ற தொழில் சொற்களைச் சேர்த்துத் தேடுங்கள். ஓவியர் பெயரைத் தப்பாக எழுதியும் தேடுங்கள், எல்வ்கிரென் பெயரில் ஒரு எழுத்தை விட்டுவிடுபவர்கள் ஏராளம். விலை தெரிய வேண்டுமானால் கேட்கிற விலையைப் பார்க்காதீர்கள், விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டும் வடிகட்டி இருக்கிறது, அதுதான் நிஜம்.

கடல் கடந்து ஒற்றை பிளாட்டர் வாங்கினால் அனுப்பும் செலவு பிளாட்டரின் விலையை விழுங்கிவிடும். ஒரே விற்பனையாளரிடம் ஏழெட்டு சேர்த்து எடுங்கள், அல்லது மொத்தக் கட்டாக வரும் லாட்டுகளைப் பிடியுங்கள். லாட்டில் பாதி டயர் கம்பெனி, மருந்துக்கடை என்று படமில்லாததாக இருக்கும், பரவாயில்லை, தாளும் அச்சும் பார்த்துப் பழக அவை உதவும். பணம் கட்டும் முன் இரண்டு வேண்டுகோள் வையுங்கள்: பின்பக்கத்தின் படம் வேண்டும், இரண்டு கெட்டி அட்டைகளுக்கு நடுவே வைத்து அனுப்ப வேண்டும். பின்பக்கத்தைக் காட்ட மறுப்பவரிடம் வாங்க வேண்டாம்.

8. வீட்டுக்கு வந்தபின்

ஈரத்தை இழுப்பதற்காகவே செய்த தாள் இது. சென்னை, தூத்துக்குடி, கொழும்பு மாதிரிக் கடலோர ஊர்களில் காற்றில் இருக்கும் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். முன்பக்கத் தாள் அவ்வளவு இழுக்காது, பின்பக்கம் இழுத்து உப்பும், அதனால் பிளாட்டர் வில்லாக வளையும். வளைந்து வந்ததை எதிர்ப்பக்கம் மடக்கி நிமிர்த்தாதீர்கள், பூச்சு வெடித்துவிடும். இரண்டு வெள்ளைத் தாள்களுக்கு நடுவே வைத்து, மேலே கனமான புத்தகங்களை அடுக்கி, சில வாரம் மறந்துவிடுங்கள். இஸ்திரிப் பெட்டி கூடவே கூடாது.

உறைக்கு பாலியெஸ்டர் வகை, மைலார் என்று விற்பார்கள், அது வாங்குங்கள். தபால்தலைக்காரர்கள் பழைய அஞ்சலுறைகளுக்குப் பயன்படுத்தும் நீள உறை 9 அங்குல பிளாட்டருக்குச் சரியாகப் பொருந்தும். ஸ்டேஷனரி கடையின் மெத்தென்ற பிவிசி கவர் கொஞ்ச நாளில் பிசுபிசுத்து மையை இழுத்துவிடும். பின்னால் அமிலமற்ற அட்டை ஒன்று வைத்து, நிற்கவைத்த பெட்டியில் அடுக்கி, வெளிச்சுவரை ஒட்டாத உயரமான அலமாரியில் வையுங்கள். ஈரப்பதம் 50 சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதி. மழைக்காலத்தில் சிலிகா ஜெல் பொட்டலங்களை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். லாமினேஷன் செய்து தருகிறேன் என்று யாராவது சொன்னால் பிளாட்டரை அவர் கையில் கொடுக்காதீர்கள்.

சுவரில் மாட்ட ஆசையாக இருந்தால் நல்ல ஸ்கேன் எடுத்து அதை அச்சிட்டு மாட்டுங்கள். அசலைத்தான் மாட்டுவேன் என்றால் யூவி தடுக்கும் கண்ணாடி, தாள் கண்ணாடியில் படாமல் இடைவெளி விடும் மவுண்ட், நேர் வெயில் படாத சுவர், மூன்றும் கட்டாயம். அன்றைய சிவப்பு மைகள் வெளிச்சத்தில் வெளுத்தால் முகம் முதலில் போகும்.

9. பதிவேடு

வந்த அன்றே இரண்டு பக்கமும் ஸ்கேன் செய்யுங்கள், 600 டிபிஐ போதும். ஒரு எக்ஸெல் தாளில் ஓவியர், நிறுவனம், படத்தின் தலைப்பு, கடைப் பெயர், ஊர், மாதமும் ஆண்டும், அளவு, பின்பக்க நிறம், சேதம், வாங்கிய விலை, வாங்கிய இடம் இவற்றை எழுதுங்கள். ஆண்டை நீங்கள் கணித்திருந்தால் எதை வைத்துக் கணித்தீர்கள் என்பதையும் ஒரு வரியில் எழுதிவையுங்கள். பிற்பாடு அதே படம் வேறு கடைப் பெயரோடு, வருடம் அச்சாகிக் கிடைக்கும்போது பழைய கணிப்பைத் திருத்த அது வேண்டியிருக்கும். வரிசை எண்ணை உறையின் மேல் ஒட்டுங்கள். பிளாட்டரின் மேல் எதையும் எழுத வேண்டாம், பென்சிலால் கூட. பஞ்சுபோன்ற அந்தப் பின்பக்கத்தில் ரப்பர் வைத்து அழித்தால் நார் எழும்பிவிடும், மறுபடி படியாது.